அமெரிக்கக் கல்லூரிகளுக்கு அவசரகால நிதி எந்த வழியாக வருகிறது?

அமெரிக்காவில் கல்லூரிகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் ‘அவசரகாலத் தயார்நிலை மானியம்’ என்று தனியாக ஒரு திட்டம் இருக்கும் என்று நினைத்துத் தேடினால் ஏமாற்றம்தான். முன்பு இருந்தது, இப்போது இல்லை. பணம் இல்லாமல் போய்விடவில்லை. வெவ்வேறு சட்டங்களின் கீழ், வெவ்வேறு பெயர்களில் சிதறிக் கிடக்கிறது. அதில் பெரும்பகுதி கல்லூரியின் கைக்கு நேரே வராது. மாநில அரசு வழியாகத்தான் வரும். இதைப் பிடித்துக்கொண்டால் மற்றது பாதி புரிந்த மாதிரி.

முதலில் அந்தப் பழைய திட்டம். 2007 ஏப்ரல் 16 அன்று வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் காலை 7.15 மணி வாக்கில் ஒரு விடுதியில் முதல் துப்பாக்கிச் சூடு நடந்தது. வளாகத்தில் உள்ளவர்களுக்கு முதல் மின்னஞ்சல் போனது 9.26-க்கு. சுமார் 9.40-க்கு நோரிஸ் ஹால் வகுப்பறைகளில் இரண்டாவது தாக்குதல். மொத்தம் 32 பேர் கொல்லப்பட்டார்கள். நீரியல் பாடம் நடத்திக்கொண்டிருந்த பேராசிரியர் ஜி.வி. லோகநாதன் அவர்களில் ஒருவர், கோபிசெட்டிபாளையம் பக்கத்துக்காரர். இரண்டு தாக்குதலுக்கும் நடுவே போன அந்த ஏறக்குறைய இரண்டரை மணி நேரம்தான் பின்னால் வந்த விதிகள் பலவற்றுக்கும் காரணம்.

அடுத்த ஆண்டே, 2008-இல், மத்தியக் கல்வித் துறை உயர்கல்வி நிறுவனங்களுக்கென்று ஓர் அவசரகால மேலாண்மை மானியத்தைத் தொடங்கியது. கல்லூரிகள் போட்டி போட்டு விண்ணப்பிக்க வேண்டும். வாங்கிய பணத்தில் கேமராவும் பூட்டும் வாங்கிப் போட்டால் முடிந்தது என்று விடவில்லை. வெள்ளம், தீ, தொற்றுநோய், துப்பாக்கிச் சூடு எல்லாவற்றுக்கும் சேர்த்து எழுத்துபூர்வமான திட்டம் வேண்டும். ஊர்க் காவல்துறை, தீயணைப்பு, மருத்துவமனை ஆகியவற்றோடு சேர்ந்து வேலை செய்ய வேண்டும், ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும். மனநல உதவி தேவைப்படும் மாணவர்களை முன்கூட்டியே கண்டுகொள்ளும் ஏற்பாட்டையும் கேட்டார்கள். என் கணக்கில் அந்தத் திட்டத்தின் உருப்படியான பகுதி இதுதான். ஆனால் சில சுற்றுகளோடு அது நின்றுவிட்டது. இன்று அதன் மிச்சமாக இருப்பது 2013-இல் வந்த வழிகாட்டிக் கையேடும், கல்வித் துறை நடத்தும் இலவசத் தொழில்நுட்ப உதவி மையமும்தான். பயிற்சியும் ஆலோசனையும் தருவார்கள், காசு தரமாட்டார்கள்.

காசு நின்றது, கடமை நிற்கவில்லை. கிளெரி சட்டம் என்று ஒன்று 1990-லிருந்து இருக்கிறது. வளாகக் குற்றங்களைக் கல்லூரிகள் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்பது அதன் அடிப்படை. 2008-இல் அதைத் திருத்தி, ஆபத்து உறுதியானதும் தாமதமில்லாமல் எச்சரிக்கை அனுப்ப வேண்டும், அந்த ஏற்பாட்டை ஆண்டுக்கு ஒருமுறையாவது சோதித்துப் பார்க்க வேண்டும் என்று சேர்த்தார்கள். மத்திய மாணவர் நிதி உதவித் திட்டங்களில் இருக்கும் எல்லாக் கல்லூரிகளுக்கும் இது பொருந்தும். மீறினால் அபராதம். எச்சரிக்கை அமைப்பு வாங்கும் செலவை மட்டும் கல்லூரியே பார்த்துக்கொள்ள வேண்டும். சிறிய கல்லூரிகளின் புலம்பல் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது, அதில் நியாயமும் இருக்கிறது.

சரி, பெரிய பணம் எங்கே? ஃபெமா எனப்படும் மத்தியப் பேரிடர் மேலாண்மை முகமையிடம். 1994 நார்த்ரிட்ஜ் நிலநடுக்கத்தில் அங்கிருந்த கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழக வளாகம் சின்னாபின்னமானது. அதே மாநிலத்தின் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் நிலைமை இன்னும் வேடிக்கை: ஹேவர்ட் என்ற நிலநடுக்கப் பிளவு அதன் அமெரிக்கக் கால்பந்து மைதானத்துக்கு அடியிலேயே ஓடுகிறது. 2000-இல் ஃபெமா ‘பேரிடர் தாங்கும் பல்கலைக்கழகம்’ என்ற முன்னோட்டத் திட்டத்தைத் தொடங்கியபோது முதல் மாதிரியாக எடுத்துக்கொண்டது பெர்க்லியைத்தான். மயாமி, டுலேன், வாஷிங்டன் போன்றவை அடுத்துச் சேர்ந்தன. அந்தப் பெயரில் தனி நிதி இப்போது இல்லை. ஆனால் ஆபத்துகளை முன்கூட்டியே கணித்துத் திட்டம் எழுதிவிட்டு, அதைக் காட்டிப் பணம் கேட்கும் முறை அப்படியே தொடர்கிறது.

இப்போது கல்லூரிகளுக்கு அதிகம் பயன்படுவது பேரிடர் தணிப்பு மானியம், அதாவது அடுத்த பேரிடரில் வரும் சேதத்தை முன்கூட்டியே குறைக்கும் வேலைகளுக்கான பணம். ஒரு மாநிலத்தில் பெரும் பேரிடர் என்று அதிபர் அறிவித்த பிறகுதான் இதற்கு வழி திறக்கும். அதுவும் தானாக வராது. ஆளுநர் கேட்க வேண்டும், அதிபர் ஒப்புக்கொள்ள வேண்டும். பேரிடருக்கு மத்திய அரசு செய்யும் செலவைக் கணக்கிட்டு, அதில் ஒரு குறிப்பிட்ட பங்கு இதற்கென்று மாநிலத்துக்கு ஒதுக்கப்படும். பலரும் கவனிக்காத ஒன்று உண்டு: இந்தப் பணத்தைச் சேதமான ஊரில்தான் செலவழிக்க வேண்டும் என்பதில்லை. பொதுவாக மாநிலம் முழுவதற்கும் பயன்படுத்தலாம். கடற்கரையில் புயல் அடித்ததற்கு வந்த பணத்தில், உள்நாட்டில் இருக்கும் கல்லூரி தன் வெள்ளத் தடுப்புக்குப் பங்கு கேட்கலாம். யாருக்கு முன்னுரிமை என்பதை முடிவு செய்வது மாநிலம்தான்.

ஓர் உதாரணம் பார்ப்போம். 2001 ஜூனில் அலிசன் என்ற வெப்பமண்டலப் புயல் ஹூஸ்டனைப் புரட்டிப்போட்டது. ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தின் சட்ட நூலகம் கீழ்த்தளத்தில் இருந்ததால் மூழ்கியது. மருத்துவக் கல்லூரிகளின் கீழ்த்தளங்களில் ஆயிரக்கணக்கான ஆய்வக விலங்குகள் செத்தன. பல ஆண்டு ஆராய்ச்சி அவற்றோடு போனது. கீழ்த்தளத்தில் ஜெனரேட்டர் வைத்திருக்கும் ஓர் ஆய்வுக் கட்டடம் இன்றைக்கு அதை மேலே ஏற்ற நினைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். செலவு 10 லட்சம் டாலர் என்றால் மத்திய அரசின் பங்கு பொதுவாக 75 விழுக்காடு, அதாவது ஏழரை லட்சம். மீதி இரண்டரை லட்சத்தைக் கல்லூரியோ மாநிலமோ போட வேண்டும். அதை முழுவதும் ரொக்கமாகக் காட்டவேண்டியதில்லை, ஊழியர்களின் உழைப்பு நேரத்தையும் உரிய கணக்கோடு காட்டலாம். எல்லாவற்றுக்கும் மேலே செலவு-பலன் கணக்கு ஒன்று உண்டு. இந்த வேலையால் வருங்காலத்தில் தவிர்க்கப்படும் நட்டம், செய்யும் செலவுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். விண்ணப்பங்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். முன்பு எப்போது, எவ்வளவு உயரம் தண்ணீர் வந்தது, என்ன பாழானது என்ற பதிவு கல்லூரியிடம் இருந்தால் கணக்கு நிற்கும். இல்லையென்றால் எவ்வளவு அழகாக எழுதினாலும் நிற்காது.

நிலநடுக்கத்துக்குக் கட்டடத்தை வலுப்படுத்துவது, சூறாவளிப் பாதுகாப்பு அறை கட்டுவது போன்றவையும் இதில் அடங்கும். தணிப்புத் திட்டம் எழுதுவதற்கே பணம் கேட்கவும் வழி உண்டு. ஆனால் பல வருடம் தள்ளிப்போட்ட பழுதுபார்ப்பை ‘பேரிடர் தணிப்பு’ என்று பெயர் மாற்றி அனுப்பினால் திரும்பி வந்துவிடும்.

பேரிடர் வருமுன்னே பணம் தரும் போட்டித் திட்டம் ஒன்றும் இருந்தது. 2018 சட்டத்தின் அடிப்படையில் 2020-இல் தொடங்கிய பிரிக் திட்டம் அது. 2025 ஏப்ரலில் ஃபெமா அதை நிறுத்துவதாக அறிவித்தது. மாநிலங்கள் நீதிமன்றத்துக்குப் போயின. ஆகவே அதை நம்பிக் கட்டட வேலையைத் தொடங்கும் கல்லூரி, மாநில அவசரகால மேலாண்மை அலுவலகத்தில் அன்றைய நிலவரத்தைக் கேட்டுவிட்டுத் தொடங்குவது நல்லது.

கல்லூரி யாருடையது என்பதும் இங்கே முக்கியம். அரசுப் பல்கலைக்கழகம் என்றால் மாநில அமைப்பாகவே விண்ணப்பிக்கலாம். லாப நோக்கற்ற தனியார் கல்லூரி, மேலே சொன்ன தணிப்பு மானியத்துக்கு மாநிலத்திடம் நேரே போகலாம். ஆனால் பிரிக் போன்றவற்றில் நகராட்சியோ, நம்மூர் மாவட்டம் போன்ற கவுன்ட்டியோ அதன் சார்பில் கேட்க வேண்டும். லாபத்துக்கு நடக்கும் கல்லூரியால் இரண்டிலும் நேரே விண்ணப்பிக்க முடியாது. அப்புறம், கல்லூரி இருக்கும் பகுதிக்கு ஃபெமா ஏற்றுக்கொண்ட தணிப்புத் திட்டம் இருக்க வேண்டும், அதை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்திருக்கவும் வேண்டும். கவுன்ட்டி அந்தத் திட்டத்தைத் திருத்தி எழுதும்போது கல்லூரி ஆள் ஒருவர் அந்தக் கூட்டங்களில் உட்காராவிட்டால், பணம் வரும் நேரத்தில் கல்லூரியின் பெயரே பட்டியலில் இருக்காது.

பேரிடர் நடந்து முடிந்த பின் கிடைப்பவை வேறு. சேதமான கட்டடத்தைச் சரிசெய்ய ஃபெமாவின் பொது உதவித் திட்டம் இருக்கிறது. அரசுக் கல்லூரிக்கும் லாப நோக்கற்ற தனியார் கல்லூரிக்கும் தகுதியான செலவில் குறைந்தது 75 விழுக்காடு கிடைக்கும். காப்பீட்டில் வரும் தொகையைக் கழித்துக்கொள்வார்கள். வன்முறையோ பெரும் அதிர்ச்சிச் சம்பவமோ நடந்த வளாகத்துக்குக் கல்வித் துறையின் சர்வ் திட்டம் உண்டு. கூடுதல் மனநல ஆலோசகர், தற்காலிகப் பாதுகாப்பு போன்றவற்றுக்கான குறுகிய கால உதவி இது. வர்ஜீனியா டெக் இதைப் பெற்றது.

பயங்கரவாத அச்சுறுத்தலுக்கு இன்னொரு நிதி இருக்கிறது. லாப நோக்கற்ற நிறுவனங்களுக்கான பாதுகாப்பு மானியத்தில் தனியார் கல்லூரிகள் கேமரா, வேலி, கதவுப் பூட்டு, பயிற்சி ஆகியவற்றுக்குக் கேட்கலாம். கைப்பணம் போட வேண்டியதில்லை. ஆபத்து இருப்பதைக் காட்டும் மதிப்பீட்டு அறிக்கை கட்டாயம். அரசுப் பல்கலைக்கழகங்கள் இதில் வராது. மாநிலத்துக்கு வரும் உள்நாட்டுப் பாதுகாப்பு நிதியில்தான் அவை பங்கு கேட்க வேண்டும். இரண்டுமே மாநிலம் நியமித்த நிர்வாக அலுவலகம் வழியாகத்தான்.

அலுவலக வேலை எதிர்பார்ப்பதைவிட அதிகம். மானியம் கேட்பவர்கள் பதிவு செய்யும் மத்திய அரசின் சாம் இணையதளத்தில் கல்லூரி தன் தனி அடையாள எண்ணைப் பெற்றுவைக்க வேண்டும். நேரடி விண்ணப்பமாக இருந்தால் முழுப் பதிவும் வேண்டும், அதை ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டும். விண்ணப்பக் கெடு நெருங்கும்போது தொடங்கினால் நேரம் போதாது. பெரும்பாலான மானியங்கள் முன்பணமாக வராது. செலவு செய்து, ரசீது கொடுத்து, பிறகு திரும்பப் பெறுவதுதான் வழக்கம். ஒப்புதல் வருமுன் கட்டுமானத்தைத் தொடங்கினால் அந்த வேலைக்குப் பணமே கிடைக்காமல் போகலாம். கல்லூரி ஏற்கெனவே தன் பட்ஜெட்டில் கொடுத்துவரும் சம்பளத்தை மானியத்தின் தலையில் கட்டவும் முடியாது.

பிள்ளையை அங்கே படிக்க வைத்திருக்கும் பெற்றோருக்கு இதில் ஒரு பயன் உண்டு. கிளெரி சட்டப்படி ஒவ்வொரு கல்லூரியும் அக்டோபர் 1-க்குள் ஆண்டுப் பாதுகாப்பு அறிக்கை வெளியிட வேண்டும். எச்சரிக்கை எப்படி அனுப்புவார்கள், வளாகத்தை விட்டு எப்படி வெளியேற்றுவார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். கல்லூரி இருக்கும் கவுன்ட்டியின் தணிப்புத் திட்டமும் பெரும்பாலும் இணையத்தில் கிடைக்கும். அதில் கல்லூரியின் பெயரைத் தேடிப் பாருங்கள்.