சுவரை விடாத ஸூமர்

1986-இல் நின்டென்டோ ஜப்பானில் வெளியிட்ட மெட்ராய்டு வீடியோ விளையாட்டில் ஆரம்பத்திலேயே ஒரு முள்ளுடம்புப் பூச்சி வந்துவிடும். பெயர் ஸூமர். மேடையின் மேல் ஊர்ந்து வரும். விளிம்பு வந்தால் விழாது. பக்கச் சுவரில் இறங்கி, அடியில் தலைகீழாகப் போய், மறுபக்கம் ஏறி, மறுபடி மேலே வரும். மேடை எவ்வளவு கோணல்மாணலாக இருந்தாலும் வழி தவறாது. குகை முழுவதையும் மனப்பாடம் செய்துவைத்திருக்கிறதோ என்று தோன்றும்.

உண்மையில் இப்படி ஊர இரண்டே கேள்விகள் போதும். கரண்ட் போன வீட்டில் வலக்கையைச் சுவரில் வைத்துக்கொண்டே நடப்போமே, அதே வித்தைதான். பூச்சி தன் வலப்பக்கம் தரையைப் பிடித்திருப்பதாக வைத்துக்கொள்வோம். வலப்பக்கத் தரை முடிந்துவிட்டதா? வலப்புறம் திரும்பு. முன்னால் சுவர் மறிக்கிறதா? இடப்புறம் திரும்பு. இரண்டும் இல்லையா, நேரே போ.

திசையை நினைவில் வைக்க 0 முதல் 3 வரை ஓர் எண் போதும்: வலம் 0, கீழ் 1, இடம் 2, மேல் 3. வலப்புறம் திரும்ப ஒன்றைக் கூட்டு, இடப்புறம் திரும்ப ஒன்றைக் கழி. 3-க்கு மேல் போனால் மறுபடி 0. இந்த விளையாட்டு ஓடிய நின்டென்டோவின் கருவியான ஃபேமிகாமின் சொந்த வேலை நினைவகமே 2 கிலோபைட்தான். அந்தக் காலத்தில் இந்தச் சிக்கனம் பெரிய விஷயம். புவியீர்ப்பைக் கணக்கிடும் வேலையும் மிச்சம். பல்லி சுவரில் ஒட்டிக்கொள்ள அதன் விரலில் லட்சக்கணக்கான நுண்மயிர்கள் வேண்டும். இந்தப் பூச்சியைக் கீழே இழுக்க எதுவும் இல்லை, அதனால் எதுவும் வேண்டாம்.

எனக்கு மிகவும் பிடித்தது இதற்குள் ஒளிந்திருக்கும் வடிவகணிதம். அந்தரத்தில் நிற்கும் மேடையை எந்த வடிவத்தில் கட்டினாலும், ஒரு சுற்று முடியும்போது வலத் திருப்பங்கள் இடத் திருப்பங்களைவிடச் சரியாக 4 கூடுதலாக இருக்கும். சதுரத்தில் 4, 0. எல் வடிவத்தில் 5, 1. கூட்டல் குறி வடிவத்தில் 8, 4. தாளில் கட்டம் போட்டு எண்ணிப் பாருங்கள். மூடிய குகையின் உட்சுவரில் ஊர்ந்தால் கணக்கு தலைகீழாகி, இடத் திருப்பங்கள் 4 கூடும். ஒரு முழுச் சுற்று என்பது நான்கு செங்கோணங்கள் என்பதுதான் காரணம்.

பிடித்திருந்த கல் திடீரென்று மறைந்துவிட்டால்? விதியை அப்படியே பின்பற்றும் பூச்சி ஓர் அடிக்கு ஒருமுறை வலப்புறம் திரும்பி, வெற்றிடத்திலேயே குட்டிச் சதுரம் போட்டுக்கொண்டிருக்கும். விழ வேண்டும் என்று நினைத்தால் அதைத் தனியாக எழுத வேண்டும்.

படம் வரைவதில் வேறொரு சிக்கல். ஃபேமிகாமால் ஒரு படத்தை இடவலமாகவோ தலைகீழாகவோ புரட்ட முடியும், 90 பாகை திருப்ப முடியாது. ஆகவே தரையில் ஊரும் படத்தைப் புரட்டிக் கூரைக்கு வைத்துக்கொள்ளலாம். சுவரில் ஏறுவதைத் தனியாக வரைந்தே ஆக வேண்டும்.

சரி, இதை எப்படி அடிப்பது? நாயகி சாமஸால் அந்த முதல் விளையாட்டில் குனிந்து சுட முடியாது. ஒரே தரையில் நின்றால் குண்டு ஸூமரின் தலைக்கு மேலே போய்விடும். விளிம்பைத் தாண்டி அது அடுத்த சுவரில் ஏறும்வரை காத்திருந்தால், துப்பாக்கியின் உயரத்துக்கு அதுவே வந்து சேரும்.