வடக்கே திரும்பிய மலைநீர்

நான்கு பக்கமும் தென்னாப்பிரிக்காவால் சூழப்பட்ட லெசோத்தோவின் பரப்பு ஏறத்தாழ 30,355 சதுர கிலோமீட்டர். அதன் மிகத் தாழ்ந்த இடமே கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 1,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 3,482 மீட்டர் உயர்ந்து நிற்கும் அதன் உச்சிச் சிகரத்தை அந்நாட்டார் ‘அழகிய சின்ன மலை’ என்று பொருள்படத் தபானா என்ட்லென்யானா என்கிறார்கள்; ஆப்பிரிக்கக் கண்டத்தின் தென்பகுதியிலேயே உயரமான மலைக்கு இப்படி ஓர் அடக்கமான பெயர்!

சுமார் 18 கோடி ஆண்டுகளுக்கு முன், கோண்டுவானாப் பெருநிலம் பிளந்தபோது கொப்பளித்த எரிமலைக் குழம்பு, பழைய மணற்பாறையின் மேல் அடுக்கடுக்காகப் பரவி உறைந்து பசால்ட் என்னும் கரும்பாறையாயிற்று. அந்தக் கரும்பாறை மேட்டில் கோடை மழை பொழிகிறது. குளிர்காலத்தில் பனியும் விழும். உச்சிப் பள்ளங்களின் சதுப்பு நிலங்களில் மட்காத புல்லும் வேரும் சேர்ந்து பஞ்சுபோல் நீரை உறிஞ்சி, மழையற்ற மாதங்களிலும் சிறிது சிறிதாகக் கசியவிடுகின்றன. குளிரால் ஆவியாதலும் குறைவு. ஆரஞ்சு ஆற்றின் மேற்பகுதியான செங்கு ஆறு வற்றாமல் ஓடுவதற்கு இவையே காரணம்.

இந்த மலைகளுக்குள் மக்கள் ஒடுங்கியதற்கு வரலாறு காரணம். சிதறிக் கிடந்த குலங்களைத் திரட்டிப் பசோத்தோ இனமாக்கிய மொஷ்வேஷ்வே, 1824-இல் தாபா போசியு என்னும் குன்றில் குடியேறினார். சுற்றிலும் செங்குத்தான மணற்பாறை, உச்சியில் தட்டையான மேய்ச்சல் நிலம், அங்கேயே ஊறும் சுனைகள்: முற்றுகையிட்டவர்களால் அக்குன்றைப் பிடிக்க முடியவில்லை. ஆனால் டச்சு வழிவந்த குடியேறிகளான போயர்களுடன் நடந்த போர்களில் கலெடன் ஆற்றுக்கு மேற்கிலிருந்த வளமான வயல்கள் பறிபோயின. 1868-இல் பிரிட்டிஷ் பாதுகாப்புக்குள் வந்த நாடு, 1966 அக்டோபர் 4 அன்று விடுதலை பெற்றது.

உழவுக்குப் பெரிதும் உதவாத மலைகள்தாம் அதற்கு மிஞ்சின. ஆனால் ஜோகன்னஸ்பர்க் வட்டாரத்தின் தொழிற்சாலைகளுக்குத் தண்ணீர் போதவில்லை. லெசோத்தோவின் ஆறுகளோ தெற்கிலும் மேற்கிலுமாக ஓடி அட்லாண்டிக்கில் கலந்தன. 1986-இல் கையெழுத்தான ஒப்பந்தம் அவற்றின் ஒரு பகுதியை வடக்கே திருப்பியது. அதற்காகக் கட்டப்பட்ட 185 மீட்டர் உயரமுள்ள காட்சே அணை, வில்லாக வளைந்து, நீரின் அழுத்தத்தை இருபுறப் பாறைகளின் மேல் இறக்குகிறது. அணையில் தேங்கும் நீர் 45 கிலோமீட்டர் சுரங்கம் வழியே முவேலா மின்நிலையத்தை அடைந்து, 72 மெகாவாட் வரை மின்சாரம் தந்துவிட்டு, மற்றொரு சுரங்கத்தால் எல்லையைக் கடந்து, ஜோகன்னஸ்பர்க் வட்டாரத்துக்கு நீர் தரும் வால் (Vaal) அணைக்குச் செல்கிறது. 1998-இல் தொடங்கிய இந்தப் பாய்ச்சலுக்குப் பம்பு தேவையில்லை, புவியீர்ப்பே போதும். ஆற்றின் கீழ்ப்பகுதியிலிருந்து நீரை ஏற்றியிருந்தால் ஆகியிருக்கும் கூடுதல் செலவைக் கணக்கிட்டு, அந்த மிச்சத்தில் 56 விழுக்காடு லெசோத்தோவுக்கு உரிமத்தொகையாகக் கிடைக்கிறது.

மலைவாசிகளுக்கோ இதே புவியீர்ப்பு உதவுவதில்லை. நீர்த்தேக்கம் பள்ளத்தாக்கின் அடியில் கிடக்க, ஊர்கள் மேலே சரிவுகளில் இருக்கின்றன. தொலைநகருக்குத் தானே ஓடிப்போகும் அந்த நீரைக் கண்ணெதிரே உள்ள ஊருக்குக் கொண்டுவர வேண்டுமானால், பம்பு வைத்து ஏற்றியாக வேண்டும்.