கட்டுச்சோறு இல்லாத விதை

கோலாலம்பூரில் சில நாள் வெயில் சுட்டெரித்த பிறகு ஒரு பிற்பகல் பெருமழையில் காற்று சட்டென்று குளிர்ந்தால், அன்றிலிருந்து ஏறத்தாழ 9ஆம் நாள் காலையில் சாலையோர மரங்களை அண்ணாந்து பார்க்க வேண்டும். கிளைகளில் தொற்றி வாழும் புறா ஆர்க்கிட்டுகள், சொல்லி வைத்தாற்போல் எல்லா மரங்களிலும் வெள்ளை வெளேரென்று பூத்திருக்கும், மறுநாளே துவண்டுவிடும். யாரும் விதைக்காத, யாரும் நீரூற்றாத இச்செடிகள் பெருநகரின் புகைக்கு நடுவே மரப்பட்டையில் தாமாக முளைத்தவை. ஆனால், வீட்டு மாடத்தில் நாம் பொத்திப் பொத்தி வளர்க்கும் ஆர்க்கிட்டின் விதையைத் தொட்டியில் தூவினால், முளைப்பது அரிதிலும் அரிது.

காரணம் விதையிலேயே இருக்கிறது. பயறு, கடலை, நெல் என்று நாம் அன்றாடம் சமைப்பவை எல்லாம், தாய்ச்செடி தன் பிள்ளையின் முதல் பயணத்துக்குக் கட்டிக்கொடுத்த சோறுதான். ஆர்க்கிட்டோ பிள்ளைகளை வெறுங்கையோடு அனுப்புகிறது. விதையின் எடை பெரும்பாலும் சில மைக்ரோகிராம் மட்டுமே. காகிதம்போல் மெலிந்த உறைக்குள் நூறு உயிரணுக்கள் அளவிலான ஒரு முளைக்கரு இருக்கும். அதில் வேரும் இல்லை, இலைக் குருத்தும் இல்லை, சேமித்த மாவுப்பொருளும் இல்லை எனலாம். மிச்சப்பட்டது எண்ணிக்கையாகிறது: ஒரே காயில் பல லட்சம் விதைகள் இருக்கலாம். முற்றி வெடித்த காய் ஒன்றைக் கறுப்புத் துணியின்மேல் தட்டிப் பார்த்தேன். வெளிறிய மஞ்சள்தூள்போல் ஒரு படலம் விழுந்தது. குனிந்து பார்த்த என் மூச்சுக்காற்றிலேயே பாதி பறந்துபோயிற்று.

இப்படிப் பறந்துபோகும் விதைக்கு யார் சோறிடுவது? இதற்கான விடையை 1899இல் கண்டவர் பிரெஞ்சுத் தாவரவியலர் நோயல் பெர்னார். காட்டில் முளைத்திருந்த ஆர்க்கிட் நாற்றுகளை ஆராய்ந்த அவர், அவற்றினுள் பூஞ்சை இழைகள் புகுந்திருப்பதைக் கண்டார். அந்த இழைகள் முளைக்கருவின் உயிரணுக்களுக்குள் நூற்கண்டுபோல் சுருண்டுகொள்கின்றன. முளைக்கரு அந்தக் கண்டுகளைச் செரித்து, அவற்றிலுள்ள சர்க்கரையையும் பிற சத்துகளையும் எடுத்துக்கொள்கிறது. இதைப் பலரும் கூட்டுவாழ்வு என்று அழகாகச் சொல்வார்கள். முளைக்கும் பருவத்தைப் பொறுத்தவரை எனக்கு அப்படித் தோன்றவில்லை. உள்ளே நுழைந்த விருந்தாளியையே உண்டு வளரும் குழந்தை அது.

பூஞ்சை தருவது முதன்மையாகச் சர்க்கரைதான் என்றால், அதை நாமே கொடுத்துவிடலாமே? கார்னெல் பல்கலைக்கழகத்தின் லூயிஸ் நட்சன் 1922இல் அதைச் செய்து காட்டினார். தாது உப்புகளும் சர்க்கரையும் கலந்து, கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகாரால் உறையவைத்த கூழில், பூஞ்சை இல்லாமலே விதைகள் முளைத்தன. சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவில் எரிக் ஹால்ட்டம் 1928இல் இம்முறையைக் கொண்டு கலப்பின வளர்ப்பைத் தொடங்கினார். ஆனால், விதைக்கு ஊட்டும் அதே சர்க்கரை, காற்றில் மிதக்கும் எல்லாப் பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும் விருந்து. காட்டில் பூஞ்சை இல்லாமல் முளைக்காத விதைக்குப் போத்தலுக்குள் பூஞ்சையே எமன். வீட்டு வளர்ப்பின் பாடெல்லாம் இந்த ஒரு முரணிலிருந்து வருகிறது.

கூழ் காய்ச்சுவது எளிது. ஒரு லிட்டர் கூழுக்கு 20 கிராம் சீனி, 7 அல்லது 8 கிராம் அகார் அகார் தூள், ஒரு சிட்டிகை ஆர்க்கிட் உரம், 150 மில்லிலிட்டர் இளநீர் என்பது பழகிய அளவு. இளநீரில் உயிரணுப் பிரிதலைத் தூண்டும் சைட்டோகைனின்கள் என்னும் வளர்ச்சி ஊக்கிகள் இருக்கின்றன. கூழை ஜாம் போத்தல்களில் ஊற்றி, பிரஷர் குக்கரில் 121 டிகிரி செல்சியஸில் 20 நிமிடம் வைக்க வேண்டும். வெறும் கொதிநீர் போதாது, ஏனெனில் சில பாக்டீரியாக்களின் வித்துகள் 100 டிகிரியையும் தாங்கிவிடும்.

விதையைத் தூய்மையாக்குவதுதான் கடினம். வெடித்த காயின் விதைகளை வெளுப்புத் திரவத்தில் முக்கினால் கிருமியோடு முளைக்கருவும் சாகலாம். ஆகவே, முற்றியும் வெடிக்காத பச்சைக் காயைப் பறிப்பதே புத்திசாலித்தனம். மாடங்களில் நாம் வளர்க்கும் டென்ட்ரோபியம் வகை ஆர்க்கிட் கலப்பினங்களில், பல்குச்சியால் மகரந்தக் கட்டியை எடுத்துச் சூலகமுடியில் ஒட்டிய 3 அல்லது 4 மாதங்களில் காய் அந்நிலைக்கு வரும். மூடிய காயின் உட்புறம் இயல்பாகவே கிருமியற்றது. வெளித்தோலைச் சோப்பால் தேய்த்து, நீர்த்த வெளுப்புத் திரவத்தில் ஊறவைத்து, கூழைப் போலவே குக்கரில் வைத்து ஆறிய நீரில் அலசினால் போதும். பிறகு, கைநுழையத் துளையிட்ட ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள், காற்று அசையாத நிலையில் காயை அரிந்து விதையைக் கூழின்மேல் தூவ வேண்டும்.

காற்று அசையாத நிலை என்பதை நான் முதல்முறை அலட்சியம் செய்தேன். புழுக்கம் தாங்காமல் மின்விசிறியைச் சுழலவிட்டு, பெட்டி இல்லாமல் மேசைமேல் வைத்தே ஆறு போத்தல்களில் தூவினேன். ஐந்தாம் நாள் நான்கில் சாம்பல்நிறப் பஞ்சு பூத்திருந்தது.

பிழைத்த போத்தல்களில் சில வாரங்களுக்குப் பின் விதைகள் உப்பி, கடுகைவிடச் சிறிய பச்சை உருண்டைகளாகும். புரோட்டோகார்ம் எனப்படும் இவை வேரும் அல்ல, தண்டும் அல்ல; மயிர்போன்ற இழைகளால் கூழை உறிஞ்சி, உச்சியில் முதல் இலையை விட்ட பிறகே உண்மையான வேரைத் தரும். இக்காலத்தில் நேர்வெயில் கூடவே கூடாது. மூடிய போத்தல், வெயிலில் நிறுத்திய கார்போல் கொதித்துவிடும். நெருக்கம் மிகுந்ததும் நாற்றுகளைப் புதுக் கூழுக்கு மாற்றி, ஏறத்தாழ ஓராண்டில் வெளியே எடுக்கலாம். பூப்பதற்கு மேலும் இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். எடுக்கும் நாளில் வேரில் ஒட்டிய கூழை வெதுவெதுப்பான நீரில் ஒட்டுமொத்தமாகக் கழுவிவிட வேண்டும், ஏனெனில் துளி சீனி தங்கினாலும் வெளியில் காத்திருக்கும் பூஞ்சை அதைத் தேடி வரும். போத்தலின் ஈரக்காற்றில் வளர்ந்த இலைகளுக்கு மெழுகுப்பூச்சு போதாது என்பதால், முதல் சில வாரங்கள் நாற்றுகளை ஒரு கண்ணாடிப் பாத்திரத்தால் கவிழ்த்து மூடி, நாள்தோறும் சற்று அதிகமாகத் திறந்து, நம் ஊர்க் காற்றுக்குப் பழக்க வேண்டியிருக்கும்.