மாவட்டக் கோட்டாவும் பழைய தரப்படுத்தலும் ஒன்றல்ல

இலங்கையில் ஒவ்வொரு வருடமும் பல்கலைக்கழக அனுமதிக்கான வெட்டுப்புள்ளி, அதாவது ஒரு பாடநெறிக்கு இடம் கிடைக்கத் தேவையான மிகக் குறைந்த இசட் ஸ்கோர் (ஏ.எல். எனும் உயர்தரப் பரீட்சைப் புள்ளிகளைப் பாடங்களுக்கிடையே ஒப்பிடக்கூடியதாக மாற்றிய எண்), வெளியானதும் அதே பேச்சுத்தான். "என்ர பிள்ளையைவிடக் குறைந்த இசட் ஸ்கோர் எடுத்த வேறு மாவட்டப் பிள்ளைக்கு மெடிசின் கிடைச்சிட்டுது, இது அந்தக் காலத்துத் தரப்படுத்தல்தானே?" இல்லை. இரண்டும் வேறு வேறு, அந்த வித்தியாசம் தெரியாமல் சண்டை பிடித்துப் பயனில்லை.

முதலில் இப்போதைய விதி. பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 வீதம் இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையில், அதாவது எந்த மாவட்டம் என்று பார்க்காமல் இசட் ஸ்கோர் வரிசையில் மேலிருந்து கொடுக்கப்படும். 55 வீதம் 25 மாவட்டங்களுக்கும் சனத்தொகை விகிதப்படி. மிச்சம் 5 வீதம் பின்தங்கியவை என்று பட்டியலிட்ட 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாக. இந்த 16இல் வடக்கு கிழக்கின் எல்லா மாவட்டங்களும் இருக்கின்றன, யாழ்ப்பாணம் உட்பட. நுவரெலியா, பதுளை, மொனராகலை, அம்பாந்தோட்டை போன்றவையும் இருக்கின்றன.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பாடநெறிக்கு 1000 இடம் என்று வையுங்கள். 400 திறமைக்குப் போய்விடும். மாவட்டங்களுக்கான 550ஐச் சனத்தொகைப்படி பிரித்தால், 2012 குடிசன மதிப்பீட்டில் யாழ் மாவட்டம் நாட்டின் சனத்தொகையில் 3 வீதத்துக்குச் சற்றுக் குறைவு, ஆகவே அதற்கு ஏறக்குறைய 16 இடம். கவனியுங்கள், பார்ப்பது மாவட்டத்தின் மொத்தச் சனத்தொகையை. அங்கே எத்தனை பிள்ளைகள் சோதனை எழுதினார்கள், எத்தனை பேர் நன்றாகச் செய்தார்கள் என்பதை அல்ல. போட்டி கூடிய மாவட்டத்தில் வெட்டுப்புள்ளி ஏறுவது இதனால்தான். மாவட்டத்தைத் தீர்மானிப்பதும் அடையாள அட்டையில் உள்ள முகவரி இல்லை, பரீட்சைக்கு முந்தைய மூன்று வருடங்கள் எங்கே படித்தீர்கள் என்பதே முக்கியம். கடைசி நேரத்தில் மாவட்டம் மாறி எழுதினால் எடுபடாது.

சரி, பழையது எப்படி? 1970இல் ஆட்சிக்கு வந்த ஐக்கிய முன்னணி அரசு, பல்கலைக்கழக அனுமதியில் மொழிமூலத்தை, அதாவது பிள்ளை எந்த மொழியில் படித்துப் பரீட்சை எழுதியது என்பதைப் பார்த்தது. இதுதான் தரப்படுத்தல். மருத்துவத்துக்குத் தமிழ் மொழிமூலப் பிள்ளைக்கு 250 புள்ளி வேண்டும், சிங்கள மொழிமூலப் பிள்ளைக்கு 229 போதும். பின்தங்கிய கிராமங்களுக்கு உதவத்தான் இது என்றால், கொழும்பில் நல்ல ஆய்வுகூடம் உள்ள பெரிய பாடசாலையில் படித்த சிங்களப் பிள்ளைக்கும் ஏன் 229? ஆய்வுகூடமே இல்லாத முல்லைத்தீவுக் கிராமத்துத் தமிழ்ப் பிள்ளைக்கு ஏன் 250? அந்த விதி வசதியையும் வறுமையையும் பார்க்கவில்லை, மொழியை மட்டும் பார்த்தது. இதை எதிர்த்து 1970இலேயே தமிழ் மாணவர் பேரவை உருவானது. பிறகு ஆயுதம் தூக்கிய தலைமுறையில் பலர் அந்தக் கோபத்தோடுதான் வளர்ந்தார்கள்.

1974இல் மாவட்ட ஒதுக்கீடு வந்தபோது படம் கொஞ்சம் மாறியது. யாழ்ப்பாணமும் கொழும்பும் இழந்தன, ஆனால் மன்னார், வவுனியா, மட்டக்களப்புத் தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கதவு திறந்தது. இதை யாழ்ப்பாணத்தில் வெளிப்படையாகச் சொல்பவர்கள் குறைவு, சொல்லத்தான் வேண்டும். மொழிமூலப் புள்ளி வித்தியாசம் பிறகு 1977இல் வந்த ஆட்சியில் கைவிடப்பட்டது; மாவட்டம் நிலைத்தது, வீதங்கள்தான் மாறி மாறி இன்றைய 40, 55, 5க்கு வந்தன.

இந்தக் கதையை எடுத்ததற்குக் காரணம், "எல்லோரையும் படிக்க வைத்தால் இனச் சண்டை தானாகக் குறையும்" என்று நம்புகிறவர்கள் நிறையப் பேர். இலங்கையைப் பாருங்கள். அன்றைய கல்வி அமைச்சர் கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வி 1945இலிருந்து, பாலர் வகுப்பு தொடக்கம் பல்கலைக்கழகம் வரை. அயல் நாடுகள் பொறாமைப்படும் எழுத்தறிவு. அப்படியிருந்தும் 1971 ஏப்ரலில் தெற்கில் கிளர்ச்சி செய்தது யார்? அதே இலவசக் கல்வியில் சிங்களத்தில் படித்துவிட்டு வேலை கிடைக்காமல் நின்ற கிராமத்து இளைஞர்கள். வடக்கில் கிளர்ந்ததும் படித்த பிள்ளைகளே. கல்வி ஆசையை வளர்த்தது, பல்கலைக்கழக இடங்களும் வேலைகளும் அதற்கேற்ப வளரவில்லை, இருந்த கொஞ்சத்தையும் இன்ன மொழிக்காரனுக்கு இவ்வளவு என்று பிரித்தபோது பகை முற்றியது. மலையகத்துத் தேயிலைத் தோட்டத் தமிழருக்கு அந்த இலவசக் கல்வியே ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை, தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கவே 1970கள் ஆயிற்று. இன்று நுவரெலியாவில் ஒரு தோட்டத்துப் பிள்ளை கம்பஸ் போக மாவட்ட ஒதுக்கீடு கைகொடுக்கிறது என்றாலும், அதே மாவட்டத்தின் நகரப் பாடசாலைகளோடுதான் அவள் போட்டி போடவேண்டும். மாவட்டத்துக்குள் இருக்கும் ஏற்றத்தாழ்வை இந்த விதி பார்ப்பதில்லை. என் அபிப்பிராயத்தில் இன்று திருத்த வேண்டிய இடம் அதுதான், ஒதுக்கீட்டையே தூக்கி எறிவதல்ல.

அப்புறம் இன்னொரு விடயம், அனுமதி விதியைவிடப் பெரியது. தாய்மொழிக் கல்வி நியாயமான உரிமை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பெரும்பாலான பாடசாலைகள் தனிச் சிங்களமாகவோ தனித் தமிழாகவோ இருப்பதால், ஒரு பிள்ளை முதலாம் ஆண்டிலிருந்து ஏ.எல். வரை மற்ற மொழிப் பிள்ளையோடு ஒரு வாங்கில் இருக்காமலே படித்து முடித்துவிடலாம். இரண்டாம் தேசிய மொழி என்று ஒரு பாடம் இருக்கிறது, படிப்பிக்க ஆசிரியர் இல்லாத பாடசாலைகளும் ஏராளம். விளைவு, 2007இல் அரசு ஒரு சுற்றறிக்கை போட்டது: அந்த வருடம் ஜூலை 1க்குப் பிறகு அரச சேவையில் சேருகிறவர்கள் ஐந்து வருடத்துக்குள் மற்ற அரச கரும மொழியில் தேர்ச்சி காட்டவேண்டும். பத்து வயதில் விளையாட்டோடு விளையாட்டாக வந்திருக்க வேண்டிய மொழியை, முப்பது வயதில் சம்பள உயர்வுக்காகப் படிக்கிறார்கள்.