உள் எஞ்சினைக் கழற்றும் முன் பின்பலகையைப் பாருங்கள்

பழைய பாய்மரப் படகின் டீசல் எஞ்சின் இனிப் பழுது பார்க்க முடியாது என்ற நிலைக்கு வந்ததும், உரிமையாளர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "இதை வெளியே எடுத்துவிட்டுப் பின்னால் ஓர் அவுட்போர்டு மோட்டாரைத் தொங்கவிட்டால் போதாதா?" கேள்வியில் நியாயம் இருக்கிறது. படகுக்குள்ளேயே அமரும் புதிய இன்போர்டு எஞ்சினை வாங்கி, அதன் தாங்கிகளை மாற்றி, புரொப்பெல்லரைச் சுழற்றும் தண்டை நேர்ப்படுத்தி, புகைக்குழாயையும் குளிர்நீர் வழியையும் புதுப்பிப்பதற்கு ஆகும் செலவு, சில நேரங்களில் படகின் விலையையே தாண்டிவிடுகிறது. இந்த மாற்றத்தைப் பல படகுகளுக்குச் செய்து கொடுத்திருக்கிறேன். இரண்டு படகுகளுக்கு, செய்ததைத் திரும்பப் பிரித்து மறுபடி டீசல் எஞ்சினை வைத்தும் கொடுத்திருக்கிறேன். அந்த இரண்டிலும் மோட்டார் நன்றாகவே ஓடியது. புரொப்பெல்லர் நின்ற இடம்தான் சரியில்லை.

இன்போர்டு எஞ்சினின் புரொப்பெல்லர் படகின் அடியில், சுக்கானுக்குச் சற்று முன்னால், ஆழமாக இருக்கிறது. அலையில் படகு முன்னும் பின்னும் ஊசலாடும்போது நடுப்பகுதிக்கு அருகில் அசைவு குறைவு என்பதால், அது எப்போதும் நீருக்குள்ளேயே சுழல்கிறது. அவுட்போர்டோ படகின் கடைக்கோடியில், ஊசலாட்டம் மிக அதிகமான இடத்தில் தொங்குகிறது. படகின் முன்முனையான அணியம் மேலெழும்போது பின்புறம் தாழ்ந்து மோட்டாரின் தலைப்பகுதி நனைகிறது. அணியம் அலைக்குள் இறங்கும்போது பின்புறம் உயர்ந்து புரொப்பெல்லர் காற்றில் சுழல்கிறது. சுமை நீங்கிய எஞ்சின் அந்த நொடியில் அலறும். குளிர்நீரை உறிஞ்சும் துளையும் மோட்டாரின் கீழ்ப்பகுதியிலேயே இருப்பதால், நீருக்குப் பதில் காற்று உள்ளே போகிறது.

ஏறத்தாழ ஒன்பது மீட்டர் நீளமும் நல்ல எடையும் கொண்ட ஒரு படகுக்கு இப்படி மோட்டார் பொருத்திய பிறகு, காற்றே இல்லாத ஒரு காலையில் சோதனை ஓட்டம் நடத்தினோம். ஐந்தரை நாட் (மணிக்கு ஐந்தரை கடல் மைல்) வேகத்தில் சீராக ஓடியது. உரிமையாளருக்கு மகிழ்ச்சி, எனக்கும்தான். சில வாரங்களில் அவர் மீண்டும் அழைத்தார். துறைமுக வாயிலில் நீரோட்டத்துக்கு எதிர்க்காற்று வீசி, குட்டையான செங்குத்து அலைகள் எழுந்தபோது, புரொப்பெல்லர் நீரில் இருந்த நேரத்துக்கு இணையாகக் காற்றிலும் இருந்திருக்கிறது. பாயை விரித்துத் திரும்பி வந்திருக்கிறார். அமைதியான நீரில் மட்டும் சோதித்தது என் தவறு. பின்னர் புரொப்பெல்லரை ஆழத்தில் வைக்கும் நீளமான தண்டு கொண்ட மோட்டாரையும், அதைப் பின்பலகையில் (படகின் பின்முனையை மூடும் சுவர்) பிடித்து இன்னும் கீழே இறக்கும் தாங்கியையும் பொருத்தியதில் நிலைமை மேம்பட்டதே தவிர, குறை தீரவில்லை.

அவுட்போர்டுத் தண்டுகள் பொதுவாக 15, 20, 25 அங்குல அளவுகளில் வருகின்றன. பாய்மரப் படகுக்குப் 15 அங்குலத் தண்டு ஏறக்குறைய எப்போதுமே பயன்படாது. 20 அங்குலம் குறைந்தபட்சம், 25 அங்குலம் கிடைத்தால் அதையே எடுக்கச் சொல்வேன். குதிரைத்திறன் எண்ணில் மயங்க வேண்டியதில்லை. இவ்வகைப் படகின் இயல்பான உச்ச வேகத்தை, நீர்மட்டக் கோட்டின் நீளத்தை அடிக் கணக்கில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34 ஆல் பெருக்கிக் கணக்கிடுகிறோம். 25 அடி என்றால் 6.7 நாட். அதற்கு மேல் கொடுக்கும் திறன் படகின் பின்புறத்தை நீரில் அமிழ்த்துவதற்கே பெரும்பாலும் செலவாகிறது. இங்கே வேண்டியது மெதுவாகச் சுழன்று கனத்த உடலைத் தள்ளும் பெரிய புரொப்பெல்லர். ஆகவே, சாதாரண மோட்டாரில் ஏறத்தாழ 2:1 ஆக இருக்கும் பல்சக்கர விகிதம் 3:1 க்கு நெருங்கும் அதிக உந்துவிசை வகையையே தேர்ந்தெடுக்க வேண்டும். துறைக்குள் படகை நிறுத்தப் பின்னோக்கி இயக்கும்போதுதான் இந்த வேறுபாடு உறைக்கும்.

அடுத்தது எடை. "120 கிலோவை எடுத்துவிட்டு 48 கிலோவைத்தானே வைக்கிறோம், படகு இலகுவாகத்தானே ஆகும்" என்பார்கள். மொத்தத்தில் இலகுவாகும் என்பது உண்மைதான். ஆனால் அந்த 120 கிலோ படகின் சமநிலைப் புள்ளியிலிருந்து ஒரு மீட்டர் பின்னால் இருந்து, புதிய 48 கிலோ நான்கு மீட்டர் பின்னால் தொங்கினால், பின்புறத்தை அழுத்தும் திருப்புவிசை 120 கிலோ-மீட்டரிலிருந்து 192 ஆக உயர்கிறது. தாங்கியையும் பெட்ரோல் தொட்டியையும் இதில் நான் சேர்க்கவில்லை. பின்புறம் தாழ்ந்தால் ஓட்டுநர் அமரும் பள்ளத்தின் வடிகால் துளைகள் நீர்மட்டத்துக்கு வந்து, வெளியேற வேண்டிய நீர் உள்ளே ஏறலாம். பழைய எஞ்சினை இறக்கிய உடனே, மோட்டாரை வாங்குவதற்கு முன்பாக, அந்த மோட்டாரின் எடைக்கு நீர் நிரப்பிய கேன்களைப் பின்பலகையில் கட்டித் தொங்கவிட்டு, இரண்டு பேரைப் பள்ளத்தில் உட்காரவைத்துப் பாருங்கள். ஒரு லிட்டர் நீர் ஏறத்தாழ ஒரு கிலோ. இதைவிடச் சுலபமான சோதனையை நான் அறியேன்.

பின்பலகை இந்தச் சுமைக்காகக் கட்டப்பட்டதா என்பதும் கேள்விதான். பல கண்ணாடியிழைப் படகுகளில் அது இரண்டு மெல்லிய கண்ணாடியிழை அடுக்குகளுக்கு நடுவே மரத்தை வைத்த அமைப்பு. துளையிடும்போது ஈரமான, கறுத்த மரத்தூள் வெளிவந்தால் வேலையை அங்கேயே நிறுத்திவிடுவேன். மரம் நலமாக இருந்தாலும், போல்ட் துளையைச் சுற்றி அதைச் சுரண்டியெடுத்து எபாக்சிப் பிசினால் நிரப்பி, உட்புறம் அகலமான தாங்குதகடு வைத்த பிறகே தாங்கியை இறுக்க வேண்டும்.

என்னை அதிகம் கவலைப்படுத்துவது அவுட்போர்டு குடிக்கும் பெட்ரோல். டீசலின் தீப்பற்றுநிலை, அதாவது அதன் ஆவி பொறிபட்டால் பற்றிக்கொள்ளும் குறைந்தபட்ச வெப்பநிலை, 52 டிகிரி செல்சியசுக்கு மேல். பெட்ரோலுக்கோ சுமார் மைனஸ் 40. அதன் ஆவி காற்றைவிட மூன்று, நான்கு மடங்கு கனமானது என்பதால் படகின் அடிக்குழியில் தேங்குகிறது. காற்றில் சுமார் 1.4 சதவீதம் கலந்தாலே வெடிக்கக்கூடும். எஞ்சின் போன பிறகு காலியாகக் கிடக்கும் அறையில் பெட்ரோல் தொட்டியை வைப்பதுதான் நான் மீண்டும் மீண்டும் காணும், மன்னிக்க முடியாத பிழை. அந்த அறை கேபினோடு சேர்ந்தது. தீப்பொறி எழுப்பக்கூடிய பேட்டரியும் நீரிறைக்கும் பம்பின் தானியங்கி சுவிட்சும் பெரும்பாலும் அருகிலேயே இருக்கின்றன. தொட்டிக்கென்று தனி அறை வேண்டும்: கேபினிலிருந்து ஆவி புகாமல் அடைக்கப்பட்டு, கீழ்மட்டத்தில் படகுக்கு வெளியே திறக்கும் வடிகாலும் காற்றோட்டமும் உடையதாக இருக்க வேண்டும். கையில் எடுத்துச் செல்லும் தொட்டியைக் கரையில் தரைமீது வைத்தே நிரப்ப வேண்டும். மோட்டார் புகையிலுள்ள மணமற்ற நச்சுவாயுவான கார்பன் மோனாக்சைடு பின்காற்றோடு பள்ளத்துக்கும் கேபினுக்கும் வரும் என்பதால், கேபினில் அதற்கான எச்சரிக்கைக் கருவி இல்லாமல் நான் வேலையை முடித்துக் கொடுப்பதில்லை.

சிறியவையாகத் தோன்றும் இழப்புகளும் உண்டு. டீசல் எஞ்சினின் ஆல்டர்னேட்டர் 50 ஆம்பியர் தந்த இடத்தில், சிறிய அவுட்போர்டு 6 முதல் 12 ஆம்பியர் மட்டுமே தரும். சூரியத் தகடு இல்லாமல் சமாளிப்பது கடினம். சுக்கான்மீது புரொப்பெல்லர் நீரைப் பாய்ச்சி வந்த உதவியும் போய்விடுவதால், குறுகிய இடத்தில் திரும்பும்போது சுக்கானையும் மோட்டாரையும் சேர்த்தே திருப்பப் பழக வேண்டும். ஆனால் நீரில் இழுபட்டுக்கொண்டே வந்த பழைய புரொப்பெல்லர் நீங்கியதும், மெல்லிய காற்றில் படகு பாயால் ஓடும் விதம் உரிமையாளர்களைத் திகைக்க வைக்கிறது. அந்த மகிழ்ச்சியில், தண்டு சென்ற துளையை ரப்பர் அடைப்பானால் மூடிவிட்டுக் கடலுக்குப் போனவர்களும் இருக்கிறார்கள். அத்துளையின் விளிம்பை, சுவரின் தடிமனைப் போல் 12 மடங்கு அகலத்துக்குச் சரிவாகத் தேய்த்து, அடுக்கடுக்காகக் கண்ணாடியிழை பதித்து மூட வேண்டும். பயன்படாத குளிர்நீர், புகை வழிகளையும் அப்படியே.

எட்டு மீட்டருக்குள், மூன்று டன்னுக்குள், நேரான பின்பலகையுடன், ஏரியிலோ அடைந்த விரிகுடாவிலோ ஓடும் படகு என்றால், தயங்காமல் மாற்றச் சொல்வேன். பின்புறம் நீருக்கு மேல் நீண்டு தொங்கும் வடிவமும் கனத்த உடலும் கொண்டு திறந்த கடலுக்குச் செல்லும் படகு என்றால், பழுது நீக்கிய பழைய டீசல் எஞ்சினாவது தேடச் சொல்வேன். காப்பீட்டாளருக்கு எழுத்தில் தெரிவிப்பதை வேலை தொடங்கும் முன்பே செய்துவிடுங்கள்.

எஞ்சின் அமர்ந்திருந்த அடித்தாங்கிகளை இடவசதிக்காக உடனே அறுத்தெறிய வேண்டாம். நான் திரும்பப் பிரித்த இரண்டு படகுகளில் ஒன்றில் அவை அப்படியே இருந்தன. வேலை ஒன்பது நாட்களில் முடிந்தது. மற்றதில் அவற்றைப் புதிதாகக் கட்டவே ஒரு மாதமாயிற்று.