ஹீட்டரில் கசியும் மின்சாரம் எந்த வழியாகத் திரும்புகிறது?

15 லிட்டர் வாட்டர் ஹீட்டர் ஒன்று 2,000 வாட் இழுக்கிறது. 230 வோல்ட்டில் அது 8.7 ஆம்பியர். பேஸ் வயரில் போகும் 8.7 ஆம்பியரும் நியூட்ரல் வயரில் அப்படியே திரும்பி வரவேண்டும். பாத்ரூமை உடைத்துப் புதுப்பிக்கும்போது செய்யும் மின்வேலையின் பாதுகாப்பை இந்த ஒரு கணக்கை வைத்தே புரிந்துகொள்ளலாம். போனது முழுதாகத் திரும்பவில்லை என்றால், மீதி வேறு வழியில் தரைக்குப் போகிறது. ஈரக்காலோடு நிற்கும் மனிதர் அந்த வழியாகிவிடக் கூடாது.

மின்சாரம் ஏன் கசிகிறது? ஹீட்டரின் எலிமெண்ட் என்பது ஓர் உலோகக் குழாய். அதற்குள் சூடாகும் நிக்ரோம் கம்பிச்சுருள் இருக்கிறது. சுருளுக்கும் குழாய்ச் சுவருக்கும் இடையே மெக்னீசியம் ஆக்சைடு தூளை இறுக்கி அடைத்திருப்பார்கள். வெப்பத்தைக் கடத்தி மின்சாரத்தைத் தடுப்பது அந்தத் தூளின் வேலை. சென்னையில் போர் தண்ணீரை நம்பியிருக்கும் வீடுகளில் இந்தக் குழாயின் மேல் சுண்ணாம்பு படிகிறது. படிவுக்கு அடியில் வெப்பம் தண்ணீருக்குள் போக முடியாமல் தேங்க, குழாய் அளவுக்கு மீறிச் சூடாகி, நாளடைவில் மயிரிழை விரிசல் விடுகிறது. அதன் வழியே ஈரம் உள்ளே புகுந்ததும் தூளின் தடுப்பு போய்விடும். பிறகு மின்சாரம் தொட்டித் தண்ணீருக்கும், அங்கிருந்து ஹீட்டரின் உலோக உடம்புக்கும் வரும். மாதக்கணக்கில் போடாமல் வைத்திருந்த ஹீட்டரை மார்கழிக் குளிரில் முதல்முறை போடும்போது ஷாக் அடிப்பதற்கும் இப்படி ஊறிய எலிமெண்ட் ஒரு காரணம்.

நனைந்த உடம்பின் மின்தடையைச் சுமார் 1,000 ஓம் என்று வைத்துக்கொள்ளலாம். 230 வோல்ட்டில் 230 மில்லி ஆம்பியர் பாயும். 10 மில்லி ஆம்பியரிலேயே பலருக்குக் கைத்தசை இறுகி, பிடித்த குழாயை விட முடியாமல் போகிறது. 30-க்கு மேல் நீடித்தால் இதயத்தின் துடிப்பே குலையலாம். டிபி பாக்ஸில் (வீட்டு லைன்கள் பிரியும் பெட்டி) இருக்கும் 16 ஆம்பியர் எம்சிபிக்கு (அளவு மீறி மின்சாரம் ஓடினால் தானாக விழும் சுவிட்ச்) இந்த 230 மில்லி ஆம்பியர் ஒரு பொருட்டே அல்ல. எம்சிபி காப்பது வயரை. மனிதரைக் காப்பதற்காக அது செய்யப்படவில்லை.

"எர்த் போட்டிருக்கிறதே, போதாதா?" என்று வீட்டுக்காரர்கள் கேட்பார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். வீட்டு எர்த் குழியின் தடை 8 ஓம், தெரு டிரான்ஸ்பார்மர் எர்த்தின் தடை 2 ஓம், மொத்தம் 10 என்று கொள்வோம். எலிமெண்ட் முழுதாகப் பழுதாகி பேஸ் நேராக ஹீட்டர் உடம்பைத் தொட்டால் பாய்வது 23 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்சிபி தன் அளவைப்போல் 1.45 மடங்கில், அதாவது 23.2 ஆம்பியரில், ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தால் போதும் என்பதே தரவிதி. ஆகவே இந்த 23 ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினாலும் அது விழாமல் இருக்கலாம். அவ்வளவு நேரமும் ஹீட்டர் உடம்பில் 184 வோல்ட் நிற்கும். எர்த் இருக்கிறது, வயர் சரி, எம்சிபி சரி. ஆனாலும் குழாயைத் தொடுபவருக்கு ஆபத்து.

எர்த் குழியே சரியில்லை என்றால் நிலைமை இன்னும் மோசம். பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற கடலோர மணலில் கோடையில் மேல்மண் காய்ந்து தடை ஏறும். உப்புக்காற்றும் உப்புத்தண்ணீரும் ஜிஐ பைப்பையும் கிளாம்ப்பையும் தின்றுவிடும். கிண்டி, பரங்கிமலைப் பக்கம் பாறை தட்டுவதால் 2.5 மீட்டர் பைப்பை இறக்குவதே பாடு. பாத்ரூமை உடைக்கும் அதே வாரத்தில் எர்த் குழி மூடியைத் திறந்து போல்ட்டைப் பாருங்கள். துருப்பிடித்த கிளாம்ப்பை மாற்ற அரை மணி நேரம் போதும்.

எர்த்தோடு சேர்ந்து ஆளைக் காப்பது ஆர்சிசிபி, அதாவது கசிவைக் கண்டதும் தானாக விழும் சுவிட்ச். அதற்குள் வளையம் போன்ற ஓர் இரும்பு உள்ளகம் இருக்கிறது. பேஸும் நியூட்ரலும் அதன் நடுவே போகின்றன. போவதும் வருவதும் சமமாக இருக்கும்வரை இரண்டின் காந்தப்புலங்களும் ஒன்றையொன்று அழித்துவிடும். கசிவு ஏற்பட்டதும் சமநிலை குலைந்து, வளையத்தில் சுற்றியுள்ள சிறு கம்பிச்சுருளில் மின்னோட்டம் பிறந்து, ரிலே விடுபட்டு சுவிட்ச் விழுகிறது. 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி 15 வரை அசையாது. 30-ஐ எட்டினால் 0.3 விநாடிக்குள்ளும், கசிவு 250 அளவுக்குப் போனால் 0.04 விநாடிக்குள்ளும் விழுந்தாக வேண்டும். பெட்டியின் மேல் 30 என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். 100, 300 என்பவை பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும். ஆளைக் காக்க அவை உதவாது. பாத்ரூமில் வாஷிங் மெஷினும் நிற்கும் என்றால், மின்னணுச் சுற்றுகளிலிருந்து வரும் கசிவையும் உணரும் ஏ டைப் கேளுங்கள். ஆர்சிசிபி அதிகச் சுமைக்கு விழாது என்பதால் எம்சிபி தனியாக வேண்டும். இரண்டும் ஒன்றாக இருக்கும் ஆர்சிபிஓவைப் பாத்ரூம் லைனுக்கென்றே போடுவதுதான் என் பார்வையில் நல்லது. ஹீட்டர் கசிந்தால் அந்த லைன் மட்டும் விழும். வீடு முழுக்க இருட்டாகாது. வீடே இருட்டாகும்போதுதான் பலர் பொறுமை இழந்து ஆர்சிசிபியை பைபாஸ் செய்யச் சொல்கிறார்கள்.

ஆர்சிசிபியில் உள்ள 'டெஸ்ட்' பட்டனை மாதம் ஒருமுறை அழுத்த வேண்டும். ஆனால் அந்தப் பட்டன் ஒரு சிறு ரெசிஸ்டர் வழியே உள்ளுக்குள்ளேயே கசிவை உண்டாக்குகிறது. எர்த் வயரே இல்லாத வீட்டிலும் பட்டனை அழுத்தினால் விழும். எர்த்தைத் தனியாகத்தான் சோதிக்க வேண்டும். பேஸையும் நியூட்ரலையும் ஒருவர் இரு கையால் ஒரே நேரத்தில் தொட்டால் போனது முழுதாகத் திரும்பிவிடுவதால் ஆர்சிசிபிக்கு அது தெரியாமலும் போகலாம்.

புதிதாக ஆர்சிசிபி போட்டதும் ஹீட்டரை ஆன் செய்தவுடன் விழுகிறது என்றால், "இது ஓவர் சென்சிடிவ்" என்று யாராவது சொல்வதை ஏற்காதீர்கள். ஹீட்டரின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஆர்சிசிபியை மறுபடி போடுங்கள். அது விழாமல் நின்றால் குற்றம் எலிமெண்டில். ஹீட்டரே இல்லாமலும், எந்த விளக்கைப் போட்டாலும் விழுந்தால், பெரும்பாலும் இந்த லைனின் நியூட்ரல் வேறு லைனின் நியூட்ரலோடு எங்கோ கலந்திருக்கும். பழைய ஜங்ஷன் பாக்ஸில் எல்லாக் கருப்பு வயரையும் சேர்த்து முறுக்கி வைக்கும் பழக்கத்தால் வருவது இது.

இனி சுவருக்கு வருவோம். டிபியிலிருந்து ஹீட்டருக்கு நடுவில் இணைப்பே இல்லாத தனி லைன்: பேஸ், நியூட்ரல், எர்த் மூன்றும் 2.5 சதுர மி.மீ. செம்பு. மூன்றாவதை மெல்லிய வயரில் இழுத்து மிச்சம் பிடிக்க வேண்டாம். 3,000 வாட் ஹீட்டரும் நீண்ட தூரமும் என்றால் 4 சதுர மி.மீ. போடலாம். 25 மி.மீ. பைப்பை சீலிங்கிலிருந்து நேர்கீழாக இறக்க வேண்டும். குறுக்கே சாய்த்துக் காடி (வயருக்கான பள்ளம்) வெட்டினால், இரண்டு வருடம் கழித்து டவல் ஸ்டாண்டுக்கு டிரில் போடுபவர் வயரைத் துளைப்பார். நாலரை இஞ்ச் சுவரில் இரு பக்கமும் ஒரே இடத்தில் காடி வெட்டக் கூடாது. பூசுவதற்கு முன் அளவு டேப்பைச் சுவரில் பிடித்து போட்டோ எடுத்து வையுங்கள்.

பாயிண்ட் எங்கே வைப்பது? ஷவர் தலையிலிருந்து பக்கவாட்டில் 1.2 மீட்டர், தரையிலிருந்து 2.25 மீட்டர் உயரம் வரை நனையும் பகுதி என்பது சர்வதேச வயரிங் விதியின் கணக்கு. 5 அடிக்கு 8 அடி பாத்ரூமில் பாதிக்கு மேல் இதற்குள் வந்துவிடும். அந்தப் பகுதிக்குள் சாக்கெட்டே வேண்டாம். ஹீட்டரின் 20 ஆம்பியர் இரட்டைத் துருவ சுவிட்சை (பேஸையும் நியூட்ரலையும் சேர்த்தே துண்டிப்பது), சிவப்பு விளக்கோடு, கதவுக்கு வெளியே வையுங்கள். 16 ஆம்பியர் சாக்கெட் ஹீட்டருக்கு நேர்கீழே இருக்கவே கூடாது. ஹீட்டரின் இன்லெட் மூட்டு என்றாவது ஒருநாள் சொட்டும். அந்தச் சொட்டு பிளக்கின் மேல்தான் விழும். பக்கவாட்டில், மூட்டுக்கு மேலான உயரத்தில் வையுங்கள்.

பிளக்கின் உள்ளே திருகை இறுக்குவதில் அக்கறை வேண்டும். தளர்ந்த இணைப்பில் வெறும் 0.3 ஓம் தடை இருந்தாலே 8.7 ஆம்பியரில் 23 வாட் வெப்பம் உண்டாகும். ஒரு சால்டரிங் அயர்னின் சூடு, மிளகளவு இடத்தில். பிளக் பழுப்பேறி, பின் இளகி, ஒருநாள் கருகுவது இதனால்தான். வயர் இழைகளை முறுக்கி அப்படியே திணிக்காமல் லக் (வயர் முனையில் பொருத்தும் உலோகத் துண்டு) போட்டு இறுக்கச் சொல்லுங்கள்.

உடைக்கும் நாளில் சென்னை வீடுகளுக்கென்று ஒரு எச்சரிக்கை: இன்வெர்ட்டர். மெயினை ஆஃப் செய்த அடுத்த நொடி அது பாத்ரூம் விளக்குக்கும் எக்ஸாஸ்ட் ஃபேனுக்கும் மின்சாரம் கொடுக்கத் தொடங்கிவிடும். மெயின், இன்வெர்ட்டர் இரண்டையும் அணைத்து, டிபி மேல் 'வேலை நடக்கிறது' என்று டேப் ஒட்டிய பிறகே கொத்தனார் சுத்தியலைத் தொட வேண்டும். நியான் டெஸ்டர் எரியவில்லை என்பதை மட்டும் நம்ப வேண்டாம். உள்ளே பல்பு போயிருக்கலாம். மல்டிமீட்டரை முதலில் மின்சாரம் உள்ள பாயிண்டில் வைத்துப் பாருங்கள், பிறகு வேலை செய்யும் பாயிண்டில், மறுபடி மின்சாரம் உள்ள பாயிண்டில்.

டைல்ஸ் ஒட்டுபவர் வருவதற்கு முந்தின நாள், வயர்மேன் லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனிடம் 500 வோல்ட் மெகர் (வயர் உறையின் தடையை அளக்கும் கருவி) கொண்டுவரச் சொல்லுங்கள். எந்தக் கருவியும் செருகாத நிலையில் பேஸுக்கும் எர்த்துக்கும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே 1 மெகா ஓமுக்குக் குறையக் கூடாது. புது வயர் இதைவிடப் பல மடங்கு காட்டும். 1-ஐ ஒட்டி நின்றால் எங்கோ ஆணி இறங்கியிருக்கிறது, அல்லது பைப்புக்குள் தண்ணீர் நிற்கிறது. அப்போது வயரை உருவி மாற்றப் பத்து நிமிடம். டைல்ஸ் ஏறிய பிறகென்றால் சுவரையே உடைக்க வேண்டியிருக்கும்.

ஹீட்டரை மாட்டியதும் உடனே சுவிட்சைப் போடாதீர்கள். வெந்நீர்க் குழாயைத் திறந்து, காற்று முழுக்க வெளியேறி, தண்ணீர் விடாமல் விழுகிற வரை காத்திருங்கள். காய்ந்த தொட்டியில் எரியும் எலிமெண்ட் முதல் நாளிலேயே விரிசல் விடலாம். தொட்டி நிறைந்திருந்தால் 27 டிகிரித் தண்ணீர் 60-ஐத் தொட ஏறக்குறைய 17 நிமிடம் ஆகும்.