மேம்பாலத்துக்குக் கீழே ஜிபிஎஸ்: பார்வையற்றவர் போனில் வழி கண்டுபிடிப்பது எப்படி?

பட்டன் போன் காலத்தில் 5 என்ற எண்மேல் ஒரு சின்னப் புள்ளி மேடாக இருக்கும். விரல் அதைத் தொட்டால் போதும், மற்ற எண்கள் எங்கே என்று கைக்குத் தெரிந்துவிடும். தொடுதிரை வந்ததும் அந்தப் புள்ளி போய், வழுவழுப்பான கண்ணாடிதான் மிஞ்சியது. ஆனால் பார்வையில்லாதவர்கள் போனில் நிறைய வேலை பார்க்கத் தொடங்கியது அந்தக் கண்ணாடி வந்த பிறகுதான். 2009-இல் ஐபோனில் வாய்ஸ்ஓவரும் ஆண்ட்ராய்டில் டாக்பேக்கும் வந்தன. திரையில் இருப்பதைக் குரலில் சொல்லும் மென்பொருள்கள் இவை.

பலர் நினைப்பதுபோல் இவை திரையைப் படம்பிடித்துப் படிப்பதில்லை. ஓர் ஆப் தன் பட்டன்களைத் திரையில் காட்டும்போதே, அவற்றைப் பற்றிய விவரத்தைத் தனியாக இயங்குதளத்திடம் கொடுத்து வைக்கிறது. இது பட்டன், பெயர் 'அனுப்பு', திரையில் இன்ன இடம், இப்போது அழுத்தலாம் அல்லது அழுத்த முடியாது என்று ஒவ்வொன்றுக்கும் குறிப்பு உண்டு. விரல் எந்த இடத்தில் படுகிறதோ அதற்குரிய குறிப்பைக் குரல் சொல்லும். வலப்பக்கமாக விரலை ஒரு இழுப்பு இழுத்தால் அடுத்ததைச் சொல்லும். வேண்டியது வந்ததும் இருமுறை தட்டினால் அது அழுத்தப்படும்.

இதில் ஒரு சிக்கல். ஆப் எழுதியவர் பெயர் கொடுக்காமல் விட்டிருந்தால், அழகான படம் போட்ட பட்டன்கூட 'பெயரில்லாத பட்டன்' என்றுதான் காதில் விழும். வரிசையாக நான்கு பெயரில்லாத பட்டன்கள் இருந்தால் எது பணம் அனுப்பும், எது அழிக்கும்? ஆப் எழுதுகிறவருக்கு இது ஒரு வரி வேலை. செய்யாமல் விடுவதைச் சோம்பல் என்றே சொல்லுவேன். டாக்பேக்கில் நாமே பெயர் வைத்துக்கொள்ள வழி இருக்கிறது. ஐபோனிலோ 2020 முதல், பட்டனின் உருவத்தைப் பார்த்து என்னவென்று ஊகிக்கும் வசதியும் உண்டு. ஊகம் ஊகம்தான்.

குரலுக்கு வருவோம். தமிழில் க, ச, ட, த, ப ஆகியவற்றின் ஒலி இடத்துக்கு இடம் மாறும். 'பக்கம்', 'பங்கு', 'பகல்' மூன்றிலும் ஒரே க, ஒலி வேறு. இரட்டித்து வந்தால் வன்மையாக, மெல்லெழுத்துக்குப் பின் வந்தால் மென்மையாக என்று விதி சொல்லிவிட்டால் போன் சரியாகப் படித்துவிடும். 'பஸ்', 'பேங்க்' போன்ற கடன்சொற்களில் விதி உதைக்கும். அதற்குத் தனி அகராதி வேண்டும். பழகியவர்கள் இந்தக் குரலை இரண்டு மடங்கு வேகத்துக்கும் மேலே ஓடவிட்டுக் கேட்பார்கள். பக்கத்தில் இருப்பவருக்கு ஒன்றுமே புரியாது.

சரி, வெளியே இறங்கி நடக்கலாம். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. ஒவ்வொன்றும் தன் நேரத்தையும் இருப்பிடத்தையும் சொல்லிக்கொண்டே இருக்கும். சிக்னல் வந்துசேர எடுத்த நேரத்தை வைத்து, போன் தூரத்தைக் கணக்கிடுகிறது. ஒரு நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினால் தூரம் 300 மீட்டர் பிசகும். போனுக்குள் இருக்கும் கடிகாரம் அவ்வளவு துல்லியமானது அல்ல. அதனால் இடத்துக்காக மூன்று, கடிகாரப் பிழையைக் களைய இன்னொன்று என்று நான்கு செயற்கைக்கோள்களாவது தேவை. திறந்த வானத்தின் கீழ் ஒரு போன் சுமார் 5 மீட்டருக்குள் இடம் சொல்லும்.

கார் ஓட்டுகிறவருக்கு 5 மீட்டர் ஒன்றுமில்லை. நடக்கிறவருக்கு அது சாலையின் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்ற கேள்வி.

எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்து மார்த்தாண்டத்துக்குப் போனால் கேள்வி இன்னும் பெரிதாகிறது. அங்கே சுமார் இரண்டரை கிலோமீட்டர் நீளத்துக்கு இரும்பு மேம்பாலம். கீழே கடைவீதி. பாலம் வானத்தை மறைப்பதால் தலைக்கு நேர் மேலே இருக்கும் செயற்கைக்கோள்கள் கிடைக்காது. பக்கவாட்டில் வருகிற சிக்னலும், கேரம் காய் கட்டையில் மோதித் திரும்புவதுபோல, கட்டடச் சுவரில் பட்டுச் சுற்றிக்கொண்டு வருகிறது. சுற்றி வந்தால் நேரம் கூடும், போன் அதைத் தூரம் என்று நம்பிவிடும். உயரத்தைச் சொல்வதில் ஜிபிஎஸ் எப்போதுமே கொஞ்சம் மோசம். ஆகவே பாலத்தின்மேல் போகிறோமா கீழே நிற்கிறோமா என்று வரைபடம் குழம்பினால் ஆச்சரியமில்லை. போதாக்குறைக்கு, போனின் திசைகாட்டி பூமியின் காந்தப்புலத்தை அளந்துதான் வடக்கு சொல்கிறது. பக்கத்தில் அத்தனை இரும்பு இருந்தால் அதுவும் தடுமாறும். 'வடமேற்கே நடக்கவும்' என்று குரல் சொல்லும். அந்த வடமேற்கு எந்தப் பக்கம் என்பதுதான் தெரியாது. நாலடி நடந்து பார்த்தால், நகர்கிற போக்கை வைத்துப் போன் திசையைத் திருத்திக்கொள்ளும். பார்வையற்றவர் அந்த நாலடியை எந்தப் பக்கம் வைப்பார்? கோலும், வண்டிச் சத்தமும், பக்கத்துக் கடைக்காரரும்தான் அதற்கு.

குலசேகரம், திருவட்டாறு பக்கம் ரப்பர் தோட்டங்களுக்குள்ளும் சிக்னல் வலுவிழக்கும். இலையில் இருக்கும் நீர் அதை உறிஞ்சிவிடுகிறது. புதிய போன்கள் சிலவற்றில் எல்5 என்ற இரண்டாவது அலைவரிசையும் எடுக்கும். அதன் குறியீடு பத்து மடங்கு வேகமானது என்பதால், நேராக வந்த சிக்னலையும் முட்டித் திரும்பியதையும் பிரித்தறிவது எளிது. இந்தியாவின் சொந்த வழிகாட்டி அமைப்பான நாவிக்கின் செயற்கைக்கோள்களும் எல்5-இல் பேசுகின்றன. போன் வாங்கும்போது கேமராவை விட்டுவிட்டு இதைக் கேட்பது நல்லது.

பஸ்ஸில் கதை வேறு. ஜன்னலோரம் உட்கார்ந்தால் வானம் தெரியும், வண்டி ஓடுவதால் திசையும் தெளிவு. நாகர்கோவில் வடசேரியிலிருந்து தக்கலைக்குப் போகும்போது எந்த இடம் தாண்டுகிறது என்று போன் அழகாகச் சொல்லிக்கொண்டு வரும், அந்த இடத்துக்கு வரைபடத்தில் பெயர் இருந்தால். நம் மாவட்டத்தில் பார்த்த இடமெல்லாம் விளை, மூடு, முக்கு என்று முடியும் பெயர்கள். ஊர் வாயில் இருக்கும் பெயர் பல நேரம் வரைபடத்தில் இருக்காது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற பொது வரைபடத்தில் யார் வேண்டுமானாலும் தமிழிலேயே சேர்க்கலாம். பட்டனுக்குப் பெயர் வைப்பதும் நிறுத்தத்துக்குப் பெயர் வைப்பதும் கேட்கிறவருக்கு ஒன்றுதான். அதுவரை, ஏறும்போதே கண்டக்டரிடம் சொல்லி வைப்பது உத்தமம்.

அப்புறம் மழை. இங்கே இரண்டு பருவமழையும் உண்டு. திரை விரலை உணர்வது மின்சாரப் புலத்தில் ஏற்படும் மாற்றத்தால். தண்ணீரும் அந்த மாற்றத்தைச் செய்யும். துளி விழுந்த இடத்தையெல்லாம் தொட்டதாக நினைத்துக் குரல் உளறும். போனைப் பையில் போட்டு, எலும்பு வழியே ஒலி கடத்தும் இயர்போனில் கேட்கிறவர்கள் உண்டு. அது காதை அடைக்காது, வண்டிச் சத்தம் கேட்கும். ஆனால் சந்தை இரைச்சலில் அந்தக் குரல் எடுபடாது.

அடிக்கடி போகும் வீட்டை ஒரு புள்ளியாகச் சேமிக்க நினைத்தால், கேட்டின் முன்னால் வானம் தெரியும்படி சற்று நேரம் நின்று, அளவு நிலைப்பட்ட பிறகு சேமிக்கவேண்டும். அப்போதும் சேமித்த அன்றைய பிழை ஒன்று, திரும்பிப் போகும் நாளின் பிழை ஒன்று, இரண்டும் சேரும். கேட்டுக்குச் சில மீட்டர் முன்னோ பின்னோ 'வந்துசேர்ந்துவிட்டீர்கள்' என்று குரல் வரும். அங்கிருந்து கோலால் மதிலைத் தட்டிக்கொண்டே போகலாம், இல்லை அதே போனில் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, நாயைக் கட்டிப்போட்டிருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளலாம்.